உங்கள் கேள்விக்கு: வேலை கேட்டுப் போகும் இடத்தில் ஆதாரை எப்போது நீட்டுவது?

இணையம் வழியாக வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்களிடமிருந்து கடந்த ஒரு மாதத்தில் வந்த கடிதங்களில் ஆறை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் தருகிறேன்.

கேள்வி: பி.காம். முடித்து ஓராண்டாக வேலை தேடுகிறேன். வேலைவாய்ப்பு இணையதளம் ஒன்றில் என் விவரங்களைப் பதிந்த மூன்றாம் நாள், ஒரு பெரிய நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒருவர் வாட்ஸ்ஆப்பில் அழைத்தார். பத்து நிமிடம் பேசிவிட்டு, "செலக்ட் ஆகிவிட்டீர்கள்" என்றார். பின்னணிச் சரிபார்ப்புக்காக ஆதாரின் இரு பக்கப் படம், பான் அட்டை, வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், ஆதாரைக் கையில் பிடித்தபடி ஒரு செல்பி ஆகியவற்றை அனுப்பச் சொன்னார். ஆதாரையும் பானையும் அனுப்பிவிட்டேன். பிறகு மடிக்கணினிக்கு முன்பணம் என்று 2,500 ரூபாய் கேட்டபோதுதான் சந்தேகம் வந்தது. பணம் எதுவும் போகவில்லை என்பதால் இதை அப்படியே விட்டுவிடலாமா? (வாசகி, கரூர்)

பதில்: விட்டுவிட வேண்டாம், கலங்கவும் வேண்டாம். நீங்கள் அனுப்பாமல் வைத்துக்கொண்ட அந்த செல்பிதான் அவர்களுக்கு மிகவும் தேவைப்பட்டது. ஆதார் எண் ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு யாரும் உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுத்துவிட முடியாது. ஆனால் ஆதார் படமும் பான் படமும் ஒருசேரக் கிடைத்தால், உங்கள் பெயரில் செயலிக் கடன் கேட்கவும், சிம் வாங்க முயலவும், ஜி.எஸ்.டி. பதிவு எடுக்கவும் அவை மூலப்பொருளாகும். அட்டையைக் கையில் பிடித்த முகம், "ஆளே நேரில் வந்து கொடுத்தார்" என்று காட்டுவதற்கான சாட்சி. தினக்கூலி வேலைக்குப் போகிறவர்களின் வீட்டுக்கு லட்சக்கணக்கில், சில நேரங்களில் கோடிக்கணக்கில் ஜி.எஸ்.டி. பாக்கி கேட்டு நோட்டீஸ் வந்த செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். என்றோ எதற்காகவோ கொடுத்த நகல்கள்தான் அப்படி நோட்டீஸாகத் திரும்பி வருகின்றன.

முதலில், அந்த வாட்ஸ்ஆப் உரையாடலை அழிக்காதீர்கள். கோபத்தில் அழித்துவிட்டு, பிறகு காவல் நிலையத்தில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பவர்களே அதிகம். எண், நேரம், அனுப்பிய கோப்புகள் எல்லாம் தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்துக்கொண்டு, அதன் பிறகு அந்த எண்ணைத் தடை செய்யுங்கள். அடுத்து ஆதார் இணையதளத்திலோ அதன் கைப்பேசிச் செயலியிலோ நுழைந்து உங்கள் கைரேகை, கருவிழிப் பதிவுகளைப் பூட்டிவிடுங்கள். தேவைப்படும்போது நீங்களே திறந்துகொள்ளலாம். அதே இடத்தில், உங்கள் ஆதார் கடந்த ஆறு மாதங்களில் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலும் கிடைக்கும். உங்கள் பெயரில் எத்தனை கைப்பேசி இணைப்புகள் உள்ளன என்பதை மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளம் காட்டும். உங்களுடையதல்லாத எண் இருந்தால் அங்கேயே தெரிவிக்கலாம்.

பான் அட்டைக்கு அப்படிப்பட்ட பூட்டு கிடையாது. எனவே உங்கள் பெயரில் உள்ள கடன்களைக் காட்டும் கடன் அறிக்கையைத்தான் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விபாக்ஸ், கிரிப் ஹை மார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நான்கையும் ஒரே நாளில் வாங்கிப் பார்க்காமல், மூன்று மாதத்துக்கு ஒன்று என்று முறை வைத்துக்கொண்டால் ஆண்டு முழுவதும் கண்காணிப்பு தொடரும், காசும் செலவாகாது. கடன் கொடுப்பவர்கள் 2025 ஜனவரி முதல் 15 நாள்களுக்கு ஒரு முறையாவது இந்த நிறுவனங்களுக்கு விவரம் தெரிவிக்க வேண்டியிருப்பதால், முதல் அறிக்கையை இன்றே பார்ப்பதைவிட ஒரு மாதம் கழித்துப் பார்ப்பது பயனுள்ளது. நீங்கள் வாங்காத கடன் அதில் இருந்தால், அறிக்கை தந்த நிறுவனத்திடம் உடனே மறுப்புத் தெரிவியுங்கள். 30 நாள்களுக்குள் தீர்க்காவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் விதி இருக்கிறது.

புகாரைப் பொறுத்தவரை, பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். உங்களுக்குப் பணம் போகவில்லை என்றாலும், மத்திய உள்துறையின் சைபர் குற்றப் புகார் தளத்தில் நடந்ததைப் பதிவுசெய்து, ஒப்புகை எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். "இதனால் என்ன ஆகிவிடப் போகிறது" என்று தோன்றும். ஆறு மாதம் கழித்து உங்கள் பெயரில் ஏதேனும் ஒரு நோட்டீஸ் வந்தால், "இன்ன தேதியிலேயே நான் இதைத் தெரிவித்திருக்கிறேன்" என்று எடுத்துக் காட்ட உங்கள் கையில் இருக்கப்போவது அந்தத் தாள் ஒன்றுதான்.

இனி அடுத்த அழைப்பைப் பற்றி. முறையாக ஆள் எடுக்கும் நிறுவனம் விண்ணப்ப நிலையில் கேட்பது பெயர், கைப்பேசி எண், மின்னஞ்சல், படிப்பு, அனுபவம், வசிக்கும் ஊர் ஆகியவற்றைத்தான். நேர்காணலுக்குப் போகும்போது வாயிற்காவலரிடம் ஏதாவது ஓர் அடையாள அட்டையைக் காட்ட வேண்டியிருக்கும். பணி நியமனக் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் மற்றவற்றுக்கான நேரம் வருகிறது: வருமான வரிப் பிடித்தத்துக்குப் பான், சம்பளம் போட வங்கிக் கணக்கு எண், பி.எப். கணக்குக்கு ஆதார். ஒப்பந்தத்தின் பேரில் தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்க வழிவிட்டிருந்த சட்டப் பகுதியை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 அன்று ரத்து செய்தது உண்மை. ஆயினும் பி.எப். கணக்குடன் ஆதாரை இணைக்காமல் நிறுவனத்தால் தொகை செலுத்த முடியாது என்பதால், வேலையில் சேர்ந்த பிறகு அதைக் கேட்பதில் குற்றம் காண முடியாது. ஆதாரைக் கேட்டார்களா என்பதைவிட, எந்தக் கட்டத்தில் கேட்டார்கள் என்பதைப் பாருங்கள்.

அழைத்தவர் உண்மையிலேயே அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவரா என்று பார்க்க, அவர் தந்த எண்ணையோ இணைப்பையோ நம்பாமல், நிறுவனத்தின் இணையதளத்தை நீங்களே தேடிக் கண்டுபிடித்து, அதிலுள்ள தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் தேடி, "அப்படி ஒரு கம்பெனி பதிவாகியிருக்கிறது" என்று பலர் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். கம்பெனி நிஜமாக இருக்கலாம்; பேசியவர் அந்தக் கம்பெனி ஆள் என்பதற்கு அது எப்படிச் சான்றாகும்?

கேள்வி: என் மகனுக்கு நான் தயாரித்துக் கொடுத்த பயோடேட்டாவில் தந்தை பெயர், தொழில், பிறந்த தேதி, சாதி, மதம், நிரந்தர முகவரி எல்லாம் இருந்தன. அவன் அனைத்தையும் நீக்கிவிட்டு அரைப் பக்கத்தை மிச்சம் வைத்திருக்கிறான். இப்படி அனுப்பினால் மரியாதைக் குறைவாக நினைக்க மாட்டார்களா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: ஐயா, உங்கள் மகன் செய்ததே சரி. நம் ஊர் பயோடேட்டா, அரசு விண்ணப்பப் படிவத்துக்கும் கல்யாண ஜாதகத்துக்கும் பிறந்த பிள்ளை. அரசுத் தேர்வுக்குச் சாதிச் சான்று தேவைப்படுவது இட ஒதுக்கீட்டுக்காக. தனியார் கம்பெனிக்கு அதில் என்ன வேலை? தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நிரந்தரப் பதிவில், அதாவது 150 ரூபாய் கட்டி ஐந்தாண்டுக்கு ஒரு முறை செய்யும் பதிவில், இந்த விவரங்களைத் தயங்காமல் கொடுக்கலாம், தளம் தேர்வாணையத்தின் சொந்தத் தளம்தானா என்று உறுதிசெய்துகொண்டு. தனியார் வேலைக்குப் போகும் தாளில் அவை வேண்டியதில்லை.

நீக்கியவற்றுள் மிக முக்கியமானது பிறந்த தேதி. இணையத்திலிருந்து நாம் இறக்கும் ஆதார் கோப்புக்கு ஒரு கடவுச்சொல் உண்டு. ஆங்கிலத்தில் எழுதிய பெயரின் முதல் நான்கு எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்ததுதான் அது. வருமான வரித் துறையின் கோப்புகள் சிலவற்றைப் பான் எண்ணும் பிறந்த தேதியும் திறந்துவிடும். ஆகவே பூட்டிய கோப்பை ஒரு மின்னஞ்சலிலும் பிறந்த தேதியோடு கூடிய பயோடேட்டாவை இன்னொன்றிலும் அனுப்புவது, வீட்டைப் பூட்டிச் சாவியை நிலைப்படி மேலேயே வைத்துவிட்டுப் போவதைப் போன்றது. படிப்பு முடித்த ஆண்டே வயதைச் சொல்லிவிடும், தேதி எதற்கு?

இன்னொன்றையும் பாருங்கள். "மேற்கண்ட விவரங்கள் யாவும் என் அறிவுக்கு எட்டியவரை உண்மை" என்று எழுதி, இடம், நாள் இட்டு, அடியில் கையொப்பமும் போட்டு ஸ்கேன் செய்து அனுப்பும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. வங்கியில் காசோலைக்குப் போடும் அதே கையொப்பம், முகம் தெரியாத நூறு பேரின் அஞ்சல் பெட்டியில் கிடக்கிறது. உறுதிமொழி வேண்டுமென்றால் இருக்கட்டும். கையொப்பத்தை நேரில் போகும்போது போட்டுக்கொள்ளலாம்.

நான் மனிதவளப் பிரிவில் வேலை பார்த்த காலத்தில், ஒரு நிறுவனத்தின் அலமாரியில் மூட்டை மூட்டையாகச் சேர்ந்த விண்ணப்பங்களை ஆயுதபூஜைக்கு முன் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போட்டார்கள். அடுத்த வாரம் எதிரே இருந்த டீக்கடையில் எனக்குக் கொடுத்த வாழைக்காய் பஜ்ஜி, ஒரு பெண்ணின் பயோடேட்டாவில் மடித்து வந்தது. எண்ணெய் ஊறிய இடத்தில் அவருடைய வீட்டு முகவரியும் தந்தையின் பெயரும் தெளிவாகத் தெரிந்தன. தாளாவது கிழிந்து மக்கிவிடும். இன்றைய வேலைவாய்ப்புத் தளங்களோ பதிவாகும் விண்ணப்பங்களைத் தேடிப் பார்க்கும் உரிமையை ஆள் எடுப்பவர்களுக்குக் கட்டணத்துக்குத் தருகின்றன. ஒருவர் இறக்கி வைத்துக்கொண்டதை நீங்கள் திரும்பப் பெற முடியாது. வேலை தேடுவதற்கென்று தனி மின்னஞ்சல் முகவரி ஒன்றை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வேலை கிடைத்ததும் தளத்திலுள்ள பக்கத்தை மறைக்கவோ நீக்கவோ சொல்லுங்கள். ஊர் பெயரும் அஞ்சல் குறியீட்டு எண்ணும் இருந்தால் முகவரிக்குப் போதும்.

கேள்வி: எனக்கு 34 வயது. ஒரு நிறுவனத்தின் இணைய விண்ணப்பத்தில் திருமணமானவரா, கருவுற்றிருக்கிறீர்களா, தொடர்ந்து ஏதேனும் மருந்து உட்கொள்கிறீர்களா என்ற கேள்விகளுக்குச் சிவப்பு நட்சத்திரக் குறி போட்டிருக்கிறார்கள்; நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியவில்லை. அதோடு ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கையும் கேட்கிறார்கள். பொய்யாக நிரப்பலாமா? (வாசகி, கோவை)

பதில்: பொய் எழுத வேண்டாம். பின்னால் அதையே காரணம் காட்டி உங்களை வெளியேற்ற நீங்களே வழி செய்து கொடுத்ததாகிவிடும். பதில் சொல்ல மறுப்பது வேறு, பொய் சொல்வது வேறு. எழுதும் கட்டமாக இருந்தால் "தேவைப்பட்டால் நேர்காணலில் தெரிவிக்கிறேன்" என்று எழுதுங்கள். தேர்ந்தெடுக்கும் கட்டமாக மட்டும் இருந்தால், படிவத்தை அங்கேயே நிறுத்திவிட்டு, நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கு இரண்டு வரியில் மின்னஞ்சல் எழுதுங்கள்: இந்தக் கேள்விகள் இந்தப் பணிக்கு எவ்வகையில் தேவை என்று அறிய விரும்புகிறேன் என்று. பல இடங்களில் எங்கோ வாங்கிய பழைய படிவத்தை யாரும் படித்துப் பார்க்காமலேயே ஏற்றிவைத்திருப்பார்கள்; கேட்டவுடன் எடுத்துவிடுவதும் உண்டு. கேட்டதற்காகவே உங்களைத் தள்ளிவிடும் நிறுவனமும் இருக்கும் என்பதை நான் மறைக்கவில்லை.

சட்டம் உங்கள் பக்கம் ஓரளவு இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் 2011இல் வந்த விதிகள் உடல்நிலை, மனநிலை, மருத்துவ வரலாறு, வங்கிக் கணக்கு விவரம், கைரேகை போன்றவற்றைக் கூருணர்வுமிக்க தகவல்கள் என்று பிரித்து வைத்து, எழுத்துப்பூர்வ இசைவு இல்லாமலும் தேவை இல்லாமலும் அவற்றைத் திரட்டக் கூடாது என்கின்றன. கொடுத்த இசைவை எழுதித் திரும்பப் பெறலாம். நிறுவனம் குறைதீர் அலுவலரின் பெயரைத் தன் தளத்தில் வெளியிட்டு, வரும் குறையை ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதைவிடக் கடுமையானது. அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். ஆனால் அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. நிறுவனங்கள் மீதான முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசமும் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே அதை மட்டும் நம்பி இன்றைக்கே வாதாடப் போக வேண்டாம். எச்.ஐ.வி. பரிசோதனையை வேலைக்கான முன்நிபந்தனையாக வைப்பதை மட்டும் 2017ஆம் ஆண்டின் தனிச்சட்டம் தெளிவாகவே தடுத்திருக்கிறது.

வங்கி அறிக்கைக்கு வருகிறேன். முந்தைய சம்பளத்தை உறுதிசெய்யத்தான் கேட்கிறார்கள் என்றால், அதற்குச் சம்பளச் சீட்டு போதும். ஆறு மாத அறிக்கை என்பது ஒரு குடும்பத்தின் நாட்குறிப்பு. எந்த மருத்துவமனைக்குப் போனீர்கள், ஊருக்கு அம்மாவுக்கு எவ்வளவு அனுப்பினீர்கள், நகைக்கடனுக்கு எவ்வளவு வட்டி கட்டுகிறீர்கள், எந்தக் கோயிலுக்குக் காணிக்கை போட்டீர்கள் என்பதெல்லாம் அதில் வரிசையாக இருக்கும். கொடுத்தே தீர வேண்டிய நிலை வந்தால், சம்பளம் வரவானதைக் காட்டும் வரிகளை மட்டும் தெரியும்படி வைத்துவிட்டு மற்றவற்றை மறைத்துக் கொடுங்கள். கணினியில் கறுப்புக் கட்டம் போட்டு மறைத்தால், பல கோப்புகளில் அந்தக் கட்டத்தை நகர்த்திவிட்டு அடியில் இருப்பதைப் படித்துவிடலாம். அச்செடுத்து, தடித்த மார்க்கர் பேனாவால் அடித்து, அந்தத் தாளை மீண்டும் ஸ்கேன் செய்வதே பாதுகாப்பானது. சம்பளச் சீட்டிலும் பான், பி.எப். எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவை ஓரத்தில் அச்சாகியிருக்கும், அவற்றையும் கவனியுங்கள்.

கேள்வி: பகுதிநேர வேலை என்று டெலிகிராமில் சேர்ந்தேன். சம்பளக் கணக்கு என்று சொல்லிப் புதிதாக ஒரு வங்கிக் கணக்கு தொடங்கச் சொல்லி, ஏ.டி.எம். அட்டையையும் அந்தக் கணக்குக்கான சிம்மையும் கூரியரில் அனுப்பச் சொல்கிறார்கள். மாதம் 8,000 ரூபாய் தருவார்களாம். அனுப்பலாமா? (கல்லூரி மாணவர், விழுப்புரம்)

பதில்: அனுப்பவே கூடாது. தம்பி, உங்களிடம் அவர்கள் கேட்பது வேலையாள் அல்ல. திருட்டுப் பணம் தங்கிச் செல்ல ஒரு சத்திரம். வேறு யாரோ ஏமாந்து இழந்த பணம் உங்கள் பெயரிலுள்ள கணக்குக்குள் வந்து, சில நிமிடங்களில் வேறெங்கோ போய்விடும். ஏமாந்தவர் புகார் கொடுத்தால் காவல்துறை முதலில் முடக்குவது உங்கள் கணக்கை. முதலில் வந்து நிற்பதும் உங்கள் வீட்டு வாசலில். அட்டையை ஏற்கெனவே அனுப்பியிருந்தால், இன்றே வங்கிக்குப் போய்க் கணக்கை முடக்கச் சொல்லி எழுதிக் கொடுத்து, முத்திரையிட்ட நகலை வாங்கிக்கொண்டு, மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்துக்கு வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரோடு போங்கள்.

கேள்வி: வெளிநாட்டு வேலைக்குப் பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்கிறார் ஏஜென்ட். அசலையும் அவரிடம் கொடுத்துவைக்கச் சொல்கிறார். (வாசகர், இராமநாதபுரம்)

பதில்: முதலில், அவர் பதிவு பெற்ற ஏஜென்ட்தானா என்று வெளியுறவு அமைச்சகத்தின் இமைகிரேட் தளத்தில் பாருங்கள். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு இல்லாதவர் ஆள் அனுப்புவதே குற்றம்; பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் தவிர அதிகம் வாங்கக் கூடாது. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள் மியான்மரின் மியாவடியில் மோசடிக் கும்பல்களிடம் சிக்கியது 2022இல் வெளிவந்தது. பதிவைப் பார்க்காமல் புறப்படுவதன் விலை அவ்வளவு பெரியது. பதிவு சரியாக இருந்தால் புகைப்படம் உள்ள பக்கத்தின் நகல் இப்போதைக்குப் போதும். கடைசிப் பக்கத்தில் பெற்றோர், மனைவி பெயர்களும் முகவரியும் இருப்பதால், அதை வேலை ஒப்பந்தம் கைக்கு வந்த பிறகு கொடுக்கலாம். அசல், விசா முத்திரைக்குத் தவிர உங்கள் கையைவிட்டுப் போகக் கூடாது.

கேள்வி: வீட்டில் கணினி இல்லை. எல்லா விண்ணப்பங்களையும் பிரௌசிங் சென்டரில்தான் போடுகிறேன். என்ன கவனிக்க வேண்டும்? (வாசகி, திருவாரூர்)

பதில்: உங்கள் ஊர்க் கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம், உங்களுக்குப் பிறகு அதே நாற்காலியில் உட்காருபவர் யார் என்பது அவருக்கும் தெரியாது. அந்தக் கடைகளின் கணினித் திரையைக் கவனித்துப் பாருங்கள்: யாருடைய பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றோ, யாருடைய சாதிச் சான்றோ, யாருடைய ஆதாரோ முகப்பிலேயே வரிசையாகக் கிடக்கும். நீங்கள் இறக்கிய கோப்புகளை டவுன்லோட்ஸ் கோப்புறையிலிருந்து அழித்து, மறுசுழற்சித் தொட்டியிலிருந்தும் அழியுங்கள். கோப்பு அனுப்புவதற்காக வாட்ஸ்ஆப்பைக் கணினியில் இணைத்திருந்தால், எழுந்திருக்கும் முன் உங்கள் கைப்பேசியில் இணைந்த சாதனங்கள் என்ற இடத்துக்குப் போய் அதைத் துண்டியுங்கள். கடவுச்சொல்லை நினைவில் வைக்கவா என்று கணினி கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள், ஓ.டி.பி.யைக் கடைக்காரரிடம் உரக்கப் படிக்காமல் நீங்களே தட்டச்சு செய்யுங்கள்.

ஆதார் நகல் தேவைப்படும் இடங்களில் முதல் எட்டு இலக்கங்கள் மறைந்த ஆதாரை இறக்கிக்கொள்ளுங்கள். ஆதார் தளத்திலேயே அதற்கு வசதி இருக்கிறது. நகலின் மேல், படத்தைத் தொடாமல் எழுத்துகளின் குறுக்கே, "இன்ன நிறுவனத்தில் வேலைக்கு மட்டும்" என்று நீல மையில் எழுதித் தேதி போடுங்கள். ஜெராக்ஸ் எடுக்கும்போது மங்கலாக விழுந்த முதல் பிரதியைக் கடைக்காரர் மேசைக்கு அடியில் உள்ள பெட்டியில் போட்டுவிட்டு இன்னொன்று எடுத்துத் தருவார். அந்த மங்கல் பிரதியையும் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.